நிஷா கோடு

எங்கள் கம்பெனியில் மழைத் தண்ணீரை அடிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள். புயல் பெயரில் சொல்வார்கள். மழை நாளில் பஸ் டிரைவர் போன் செய்து "நிவர்" என்றால் வண்டி மெதுவாகப் போகலாம். "மிக்ஜாம்" என்றால் ஒரு வண்டி தாண்டிய பிறகுதான் அடுத்த வண்டி. "நிஷா" என்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டும், யார் சொன்னாலும் தண்ணீரில் இறக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை அரசாங்கம் போடவில்லை, கம்பெனியும் போடவில்லை. கலைமதி போட்டார்.

வல்லம் வடகாலில் கார் சீட்டுக்கு வேண்டிய பாகங்களைச் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்கள் ஒரு கான்ட்ராக்டருடையவை. அந்தக் கான்ட்ராக்டரிடம் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசராக இருக்கிறவர்தான் கலைமதி. வயது முப்பத்தெட்டு, வீடு குன்றத்தூரில். எங்கள் கேட்டுக்குள் பதினான்கு வருஷமாக வருகிறார். நேற்று வேலைக்குச் சேர்ந்த டிரெய்னிக்கு நீலக் கார்டு கொடுக்கிறோம். கலைமதியின் கழுத்தில் இன்னமும் 'வெண்டர்' என்று எழுதிய, வெளியாளுக்கான பச்சைக் கார்டுதான் தொங்குகிறது. அந்தக் கார்டை வருஷா வருஷம் புதுப்பித்துக் கொடுக்கிறவன் நான். பெயர் நயினார், அட்மின் ஆபீசர், ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வயது நாற்பத்து நான்கு. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்த வேகத்தில் போகாது. கலைமதி மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னால்தான் இது உண்மையான கதை.

கோபத்துக்குக் காரணம், அவர் வேலை செய்யும் விதம். எதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டார். இருபத்து மூன்று பஸ்ஸின் சாவியும் அவர் கையில்தான் இருக்கும். விடிகாலை ஐந்து மணிக்கு ஷெட்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு டிரைவருக்கும் அவரே எடுத்துக் கொடுப்பார். போர்டில் மாட்டி வைத்தால் அவரவர் எடுத்துக்கொண்டு போவார்களே, எதற்கு இந்தக் கோயில் பிரசாத விநியோகம் என்று நான் கேட்டிருக்கிறேன். ஒருநாள் அவருடைய தினக் காலண்டரைப் பார்த்தேன். முகூர்த்த நாள்களில் எல்லாம் சிவப்பு வட்டம். கல்யாண சீசனில் டிரைவர்கள் ராத்திரி சவாரிக்கு வேறு வண்டி ஓட்டப் போய்விட்டுத் தூங்காமல் நேரே ஷிப்டுக்கு வருவார்களாம். அதனால் முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை ஒவ்வொருவரையும் ஐந்து நிமிஷம் பேச வைப்பார். பிள்ளை என்ன படிக்கிறான், சாம்பாரில் என்ன காய் என்று ஏதாவது. பேச்சில் குழறல் இருந்தால் சாவி கிடைக்காது, பாய் கிடைக்கும். ஷெட்டின் மூலையில் இரண்டு பாய் போட்டு வைத்திருந்தார். அந்தப் பாயைப் பார்த்த அன்றைக்கு என் கோபத்தில் பாதி போனது. மீதிப் பாதி ஒரு பழைய மோட்டார் ரூமினால் நின்றது.

குன்றத்தூர்ப் பக்கம் போகிற நாலாம் நம்பர் பஸ் ஒரு தரைப்பாலத்தைத் தாண்டித்தான் மெயின் ரோட்டுக்கு ஏற வேண்டும். ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் உபரித் தண்ணீர் அதன் மேலேயே போகும். பாலத்துக்கு முன்னால், ரோட்டைவிட முழங்கால் அளவு தாழ்ந்த இடத்தில், யாரோ ஒருவருடைய நிலத்தின் பழைய மோட்டார் ரூம் இருக்கிறது. நிலம் பிளாட்டாகிவிட்டது, மோட்டார் போய்விட்டது, சுவர் மட்டும் நிற்கிறது. அந்தச் சுவரில் கலைமதி மஞ்சள் பெயின்டில் கோடு கோடாகப் போட்டிருந்தார். எங்கள் தொழிற்சாலையின் தரையில் நடைபாதைக்குக் கோடு போட்டு மிஞ்சிய பெயின்ட், என்னிடம் கையெழுத்து வாங்கித்தான் எடுத்துப் போனார். கீழே மாண்டஸ், அதற்கு மேல் நிவர், அதற்கு மேல் மிக்ஜாம், அப்புறம் நிஷா. அந்தந்தப் புயலில் தண்ணீர் அங்கே எதுவரை ஏறியதோ அந்த உயரத்தில் அந்தப் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, என் கை எட்டாத உயரத்தில், பெயர் இல்லாமல் வெறுமனே 2015 என்று எழுதியிருந்தது. அந்த வருஷம் ஊரையே முழுக்காட்டியது புயலே இல்லையாம், வெறும் மழையாம். அதனால் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

ஐப்பசி பிறக்கும் முன் வருஷம் தவறாமல் அந்தக் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பார். மழை நாளில் டிரைவர் காலி வண்டியோடு போய், சுவரைப் பார்த்து, எந்தப் பெயரைத் தண்ணீர் தொட்டிருக்கிறது என்று போனில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள் ஏற்றுவது. நான் சிரித்தேன். அடி, அங்குலம் என்று எழுதினால் படித்தவர்களுக்கும் புரியுமே என்று கிண்டலாகச் சொன்னேன்.

"அடின்னா ஆளுக்கு ஒரு அடி சொல்வான் சார்," என்றார் கலைமதி. "பேரு அப்படி இல்ல. பேரைச் சொன்னா அன்னிக்கு நடந்தது கண்ணுல வந்து நிக்கும். கால் தானா பிரேக்குக்குப் போவும்."

டிரைவர்களுக்குப் புரிந்தால் சரி என்று விட்டுவிட்டேன். நிஷா என்றால் அவர்கள் கண்ணில் என்ன வந்து நிற்கும் என்று நான் கேட்கவே இல்லை. 2008 நவம்பரில் அந்தப் புயல் அடித்தபோது நான் தெற்கே இருந்தேன். எனக்கு அது செய்தித்தாளில் வந்த ஒரு பெயர், அதுவும் மறந்துபோன பெயர்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நவம்பர் முப்பதாம் தேதி, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடக்கப் போகிறது என்று டிவியில் வரைபடம் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. எங்களுக்கு இல்லை, ஏனென்றால் திங்கட்கிழமை துறைமுகத்தில் இருக்க வேண்டிய கன்டெய்னர் ஒன்று பாதிதான் நிரம்பியிருந்தது. காலை ஷிப்டுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குப் பிடித்த மழை பதினொரு மணிக்கெல்லாம் கூரைத் தகட்டில் பேச்சுக் கேட்காத அளவுக்குக் கொட்டியது. பிளான்ட் ஹெட் ஜெகதீஷ் ஒரு முடிவெடுத்தார். காலை ஷிப்டை ஒரு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அதே பஸ்ஸில் அடுத்த ஷிப்டை ஏற்றி வந்துவிடலாம், லைன் நிற்காது. ஜெகதீஷ் கெட்டவர் இல்லை. ஓசூரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மற்ற பஸ்கள் வேறு வழியில் கிளம்பிவிட்டன. நாலாம் நம்பர் பஸ்ஸில் போக வேண்டியவர்கள் நாற்பத்தொரு பேர், எல்லாரும் பெண்கள், தையல் லைனில் வேலை செய்கிறவர்கள். அந்த பஸ்ஸின் டிரைவர் டில்லிபாபு. ஐம்பது வயதுக்காரர், எண்ணிப் பேசுகிறவர். காலி வண்டியோடு போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கலைமதிக்குப் போன் செய்தார். தண்ணீர் நிஷாவைத் தொட்டுவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடச் சொன்னார் கலைமதி. ஹைவே வழியாகச் சுற்றி அனுப்பலாமா என்று விசாரித்தார். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன, போன வண்டிகளே நகரவில்லை என்று தெரிந்தது. நாலாம் நம்பர் போகாது என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார். காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: நிஷா.

ஜெகதீஷ் என்னைக் கூப்பிட்டு அது என்ன என்று கேட்டார். ஒரு பழைய புயல், தண்ணீர் அளவுக்கு இப்படிச் சொல்வார்கள் என்றேன். எவ்வளவு ஆபத்தான அளவு என்று கேட்டார். கலைமதி நூறு அடி தள்ளி போர்ட்டிகோவில் நின்றிருந்தார். போய்க் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷம். பதினோரு வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு, பிளான்ட் ஹெட் முன்னால், ஒரு பச்சைக் கார்டிடம் போய்க் கேட்பதா என்று கௌரவம் தடுத்தது. போனை எடுத்து 'நிஷா புயல்' என்று தேடினேன். ஒரு பக்கம் வந்தது. 2010 ஜனவரி. இரண்டு மூன்று நாளில் வலுவிழந்த சின்னப் புயல். பெரிய சேதம் இல்லை. தென் பசிபிக் கடல் என்றும் அதில் இருந்தது. அதைப் பார்த்தும் நிறுத்தியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் பார்த்தது 'சேதம் இல்லை' என்ற இரண்டு வார்த்தையை மட்டும்தான். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரே நிமிஷத்தில் ஜெகதீஷின் பதில் வந்தது: ரிஸ்க் குறைவு, பஸ்ஸை விடுங்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெட இருந்தவர்கள் வேறு நாற்பத்தொரு பேர்.

கலைமதி அந்தப் படத்தைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரலால் பெரிதாக்கிப் படித்தார். டில்லிபாபுவிடமிருந்து சாவியை வாங்கி ரெயின்கோட்டின் உள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஜெகதீஷ் நேரில் வந்து, உத்தரவு கொடுத்தாயிற்று, ஏன் வண்டி நிற்கிறது என்று கேட்டார்.

"சாவி என்கிட்ட கீது சார்," என்றார் கலைமதி. "தண்ணி எறங்கற வரிக்கும் தர மாட்டேன். வேற யாரையாவது வெச்சு வண்டி எடுக்கணும்னா மொதல்ல என்னை வெளிய அனுப்புங்க."

ஜெகதீஷ் குரலை உயர்த்தவில்லை, கான்ட்ராக்டர் சுப்பராயலுவுக்குப் போன் போட்டார். சுப்பராயலு அதே நிமிஷம் கலைமதியைக் கூப்பிட்டு, கஸ்டமர் சொன்னால் கேட்கணும், இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. கலைமதி பொறுமையாகக் கேட்டார். "சரிங்கண்ணே" என்று சொல்லிப் போனை வைத்தார். சாவி பாக்கெட்டிலேயே இருந்தது. திங்கட்கிழமை வர வேண்டாம் என்பதற்குத்தான் அந்தச் சரி என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது.

அதைவிடக் கஷ்டமானது பெண்களைச் சமாளிப்பது. வீட்டுக்குப் போகலாம் என்று பையை மாட்டிக்கொண்டு நின்றவர்கள். அவர்களில் மோகனப்ரியா என்று ஒருவர், ஒன்பது மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர். அழுதுகொண்டே கலைமதியின் ரெயின்கோட்டைப் பிடித்து இழுத்தார். உன் ரூல்ஸை உன் வீட்டில் வைத்துக்கொள், பெரிய அதிகாரியே போகலாம் என்கிறார், நீ யார் எங்களை அடைத்து வைக்க என்று கேட்டார். இன்னும் சொல்லக் கூடாத சிலதும் சொன்னார். கலைமதி அந்தக் கையை விலக்கவில்லை. மழையை விட்டுவிட்டு எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள். நானும் மனதுக்குள் திட்டினேன். ஒரு பெண்பிள்ளையின் பிடிவாதத்தால் கன்டெய்னர் தவறப் போகிறது என்று நினைத்தேன்.

எல்லாரையும் கேன்டீனுக்குள் உட்கார வைத்தார். ஒவ்வொருவரின் வீட்டுக்கும் அவர் போனிலிருந்தே பேசினார், ஏனென்றால் பாதிப் பேரிடம் சார்ஜ் இல்லை. மோகனப்ரியாவின் மாமியாரைப் பிடித்து, குழந்தை புட்டிப்பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். கொஞ்ச நேரத்தில் மோகனப்ரியாவுக்குப் பால் கட்டிக்கொண்டு வலி தாங்க முடியவில்லை. கேன்டீன் மாஸ்டரிடம் வெந்நீரும் துண்டும் வாங்கிக்கொண்டு ஓய்வறைக்குக் கூட்டிப் போனவர் கலைமதிதான். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது மோகனப்ரியா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கலைமதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நான் டீ மெஷின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். டில்லிபாபு வந்தார். என் கோபத்தை யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தது. அப்படி என்னப்பா அந்த நிஷா, பக்கத்து ஊரையே அழித்துவிட்டதா, நான் பார்த்தேன், ஒரு சேதமும் இல்லையே என்றேன். டில்லிபாபு டீயை வாயில் வைக்காமல் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வண்டிதான் சார் அது," என்றார். "எறங்கி முன்னால நடங்கம்மான்னு சொன்னவனும் நான்தான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். 2008 நவம்பர் கடைசி வாரம். கலைமதிக்கு இருபது வயது, வயரிங் செய்கிற வேறொரு கம்பெனியில் வேலை. லீலா என்ற தோழி, ஒரே பெஞ்சு, ஒரே பஸ். அன்றைக்கும் மத்தியானம்தான், காலை ஷிப்டு முடிந்து திரும்புகிற நேரம். அதே தரைப்பாலம். தண்ணீர் ரோட்டை மூடியிருந்தது, ஓரம் எது என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்து டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ரோடு தெரியாவிட்டால் யாராவது இருவர் இறங்கிக் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள், காலால் தார் ரோட்டைத் தடவிக்கொண்டே. அவர்கள் பின்னால் வண்டி ஊர்ந்து போகும். எத்தனையோ தடவை அப்படித் தாண்டியிருக்கிறார்கள். டில்லிபாபு கேட்டார், தைரியசாலிகள் என்று பேரெடுத்த கலைமதியும் லீலாவும் இறங்கினார்கள். ரோட்டின் ஓரத்தை அடியில் தண்ணீர் தின்றிருந்தது. லீலா கால் வைத்த இடத்தில் ரோடு இல்லை. இருவரையும் சேர்த்து இழுத்தது. கலைமதி மோட்டார் ரூம் சுவரில் போய் மோதி, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறு கையில் லீலாவின் கை இருந்தது, கொஞ்ச நேரம்.

மூன்றாம் நாள் லீலா கால்வாயில் பிணமாகக் கிடைத்தாள். கலைமதி நெஞ்சளவுத் தண்ணீரில் அந்தச் சுவரோடு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். சுவரில் நிஷா கோட்டை எந்தப் பதிவேட்டையும் பார்த்து அவர் போடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தண்ணீர் தன் உடம்பில் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் விரலை வைத்துப் போட்டார். டில்லிபாபுவின் மேல் கேஸ் நடந்தது, லைசென்ஸ் போனது, திரும்பி வந்தது, ஆனால் யாரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. கலைமதி இந்த வேலைக்கு வந்த மறுவருஷம் அவரைத் தேடிப் போய்க் கூப்பிட்டாராம். என்னைப் பார்த்தால் உனக்கு வயிறு எரியாதா என்று டில்லிபாபு கேட்டிருக்கிறார்.

"'உன்ன மாரி பயந்தவன்தாண்ணா எனக்கு வண்டி ஓட்டணும்'னு சொல்லுச்சு சார்," என்றார் டில்லிபாபு. "அன்னிலேந்து ஓட்டினு கீறேன்."

ஒரு மூலையில் உட்கார்ந்து மறுபடியும் போனில் தேடினேன், இந்தத் தடவை கடைசி வரை படித்தேன். நிஷா என்ற பெயரில் ஒரு புயல் இல்லை, நான்கு. 1983, 1993, 2010 மூன்றும் தென் பசிபிக்கில். 2008 மட்டும் நம் வங்கக் கடலில் வந்து காரைக்கால் பக்கம் கரை ஏறியது. அந்தக் கடலுக்கு ஒரு பட்டியல், இந்தக் கடலுக்கு ஒரு பட்டியல். வேலையை விட்டுப் போனவரின் டோக்கன் நம்பரை அடுத்து வந்தவருக்கு நாங்கள் கொடுப்பது போல அங்கே ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். நம் பட்டியலில் வங்கதேசம் கொடுத்த பெயரும் அதுவாகவே அமைந்துவிட்டது. நான் எங்கோ கடலில் கரைந்த ஒரு நிஷாவைக் காட்டி, லீலாவைக் கொண்டு போன நிஷாவின் முன்னால் நாற்பத்தொரு பேரை அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஷிப்டு வரவில்லை. லைன் எட்டு மணி நேரம் நின்றது. கன்டெய்னர் போகவில்லை. பெண்கள் ராத்திரி கேன்டீனிலேயே தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தண்ணீர் மிக்ஜாமுக்குக் கீழே இறங்கியதும் கலைமதி சாவியை எடுத்து டில்லிபாபுவின் கையில் கொடுத்தார். நாற்பத்தொரு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே தரைப்பாலம் வரை போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாலம் உடைந்திருக்க வேண்டும், ஓரமாவது அரித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். அப்போதுதான் கலைமதி செய்தது சரி என்று ஊருக்குக் காட்ட முடியும். பாலம் முழுசாக இருந்தது. தார் ரோட்டில் ஒரு கீறல் கூட இல்லை, கொஞ்சம் சேறும் ஒரு பிளாஸ்டிக் குடமும்தான் கிடந்தன.

திங்கட்கிழமை விசாரணை. வர வேண்டாம் என்று சொன்ன சுப்பராயலுவே கலைமதியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜெகதீஷின் மேசையில் என் வாட்ஸாப் படத்தின் பிரிண்ட் இருந்தது, தரைப்பாலத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்த போட்டோவும் இருந்தது. ஜெகதீஷ் நிதானமாகவே பேசினார். ரிஸ்க் குறைவு என்று அட்மின் சொல்லியிருக்கிறது, உத்தரவு கொடுத்திருக்கிறோம், அதை மீறி நிறுத்தியதில் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம், கடைசியில் பார்த்தால் பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

"ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதானே சார் நிறுத்தினேன்," என்றார் கலைமதி.

அந்தப் பிரிண்டில் இருப்பது வேறு நிஷா என்று கலைமதிக்குச் சனிக்கிழமையே தெரியும். விரலால் பெரிதாக்கிப் படித்ததை நான் பார்த்திருந்தேன். அதைச் சொன்னால் அவர் வேலை தப்பும், என் தலை உருளும். அவர் சொல்லவில்லை. லீலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்வேனா என்று கூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என் பதினோரு வருஷச் சர்வீஸில் அப்படி ஒரு மரியாதையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை, நான் அதற்குத் தகுதியானவனும் இல்லை.

எழுந்து நின்று சொன்னேன். நான்கு நிஷாவையும் சொன்னேன், நான் காட்டியது எது, சுவரில் இருப்பது எது என்றும் சொன்னேன். லீலாவின் பெயரையும் சொன்னேன். சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டார். ஜெகதீஷ் அந்தப் பிரிண்டை எடுத்து, தேதியைப் படித்தார், கடலின் பெயரைப் படித்தார், கவிழ்த்து வைத்தார்.

இருந்தாலும் உத்தரவை மீறினால் காகிதம் இல்லாமல் முடியாது, கம்பெனிகள் அப்படித்தான். எனக்கு ஒரு மெமோ. கலைமதிக்கு வேலை போகவில்லை, ஒரு விளக்கக் கடிதம் மட்டும். அதற்கு எங்களிடம் தயாராக ஒரு படிவம் உண்டு. அதில் தவறை ஒப்புக்கொண்டு எழுத நான்கு வரி இடம் இருக்கும், கீழே 'இனிமேல் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருக்கும், அதற்கும் கீழே கையெழுத்து. அந்த வரியை அச்சடிக்கக் கொடுத்தவனும் நான்தான்.

கலைமதி என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். மேலே இப்படி இருந்தது: 'நிஷா கோட்டின் பக்கத்தில் வருஷம் எழுதாமல் விட்டது என் தவறு. பேர் மாறாது என்று நம்பிவிட்டேன். இந்த வாரம் 2008 என்று எழுதிவிடுகிறேன்.'

கீழே, இனிமேல் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன் என்ற வரியை ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அதற்கும் கீழே கையெழுத்து.

நான் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி ஃபைலில் வைத்தேன்.